வெளிநாட்டு விருந்தாளிகளில் யார் பெரியவர்? கல்லாவைக் கேட்டுப் பார்ப்போம்!



சென்ற மாதம் சங்கக் கூட்டம் முடிந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது ஒரு பேச்சு எழுந்தது. "நம் நாட்டுக்கு வெளிநாட்டுப் பயணிகள் இன்னும் நிறைய வரவேண்டும். அப்போதுதான் வியாபாரம் பெருகும்" என்றார் ஓர் உறுப்பினர். எல்லோரும் தலையாட்டினார்கள். "சரி அண்ணாச்சி, வெளிநாட்டுப் பயணி என்றால் உங்கள் மனக்கண்ணில் யார் வருகிறார்?" என்று கேட்டேன். "வேறு யார்? வெள்ளைக்காரன்தான்" என்றார். "அவர் உங்கள் கடையில் கடைசியாக என்ன வாங்கினார்?" என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, "ஒரு தண்ணீர் பாட்டில்" என்றார். அனைவரும் சிரித்துவிட்டோம்.

சிரிப்பு அடங்கிய பிறகு எனக்குள் ஒரு கேள்வி நின்றுவிட்டது. எந்த நாட்டிலிருந்து வருகிற பயணி நம் நாட்டுக்கு முக்கியம்? அதிலும் நம்மைப் போன்ற மளிகைக்காரர்களுக்கும் சிறு வணிகர்களுக்கும் யார் முக்கியம்? பத்திரிகைகளும் அமைச்சர்களும் டாலர் கணக்கைச் சொல்கிறார்கள். நாம் நமது பேரேட்டைத் திறந்து பார்த்தால் என்ன? அந்த எண்ணத்தில்தான் இதை எழுதுகிறேன்.

அரசாங்கக் கணக்கு சொல்வது

கொரோனாவுக்கு முந்தைய 2019-ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். எல்லாம் ஒழுங்காக நடந்த கடைசி ஆண்டு அது. அந்த ஆண்டில் இந்தியாவுக்கு வந்த வெளிநாட்டார் சுமார் 1 கோடியே 9 லட்சம் பேர். சுற்றுலா மூலம் வந்த அன்னியச் செலாவணி ஏறத்தாழ 2 லட்சத்து 11 ஆயிரம் கோடி ரூபாய்.

இந்த 1 கோடியே 9 லட்சம் பேரில் முதலிடம் எந்த நாட்டுக்கு? அமெரிக்காவுக்கு அல்ல, இங்கிலாந்துக்கும் அல்ல. வங்கதேசத்துக்கு! அங்கிருந்து வந்தவர்கள் 25 லட்சத்து 77 ஆயிரம் பேர். நூறு பேரில் ஏறக்குறைய 24 பேர். அமெரிக்கர்கள் 15 லட்சம், இங்கிலாந்துக்காரர்கள் 10 லட்சம். அதற்குக் கீழே ஆஸ்திரேலியா, கனடா, சீனா, மலேசியா, இலங்கை ஆகிய ஐந்தும் மூன்று லட்சத்துக்கும் நான்கு லட்சத்துக்கும் இடையில் நெருக்கியடித்து நிற்கின்றன. நாம் வெள்ளைக்காரர் என்று நினைத்துக்கொண்டிருக்கும் ஜெர்மனிக்காரர் இவர்கள் எல்லோருக்கும் பிறகுதான் வருகிறார்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அமெரிக்கா, இங்கிலாந்து, கனடா, ஆஸ்திரேலியா என்று பாஸ்போர்ட்டில் எழுதியிருந்தாலும், விமானத்திலிருந்து இறங்குகிறவர்களில் நம்மவர்கள் நிறையப் பேர். பஞ்சாபில் பிறந்தவர், குஜராத்தில் பிறந்தவர், கும்பகோணத்தில் பிறந்தவர். தங்கை திருமணத்துக்கும் பாட்டியைப் பார்க்கவும் வருகிறார்கள். ஆக, "வெளிநாட்டுப் பயணி" என்ற ஒரே பெயரின் கீழ் மூன்று விதமான மனிதர்கள் இருக்கிறார்கள். ஒருவர் அண்டை நாட்டார். இன்னொருவர் வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற நம்மவர். மூன்றாமவர்தான் கேமராவோடு வரும் தூரத்து விருந்தாளி.

டாலர் கணக்கும் கல்லாக் கணக்கும்

தூரத்து விருந்தாளியைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமல்ல. தலைக்கு எவ்வளவு செலவு செய்கிறார் என்று பார்த்தால் அவரே முன்னால் நிற்பார். ஆக்ராவிலும் ஜெய்ப்பூரிலும் மாமல்லபுரத்திலும் எத்தனையோ வழிகாட்டிகளும் சிற்பக் கலைஞர்களும் கைவினைப் பொருள் கடைக்காரர்களும் அவரால் பிழைக்கிறார்கள். ஆனால் அவர் செலவழிக்கும் பணம் போகும் வழியைப் பாருங்கள். விமானக் கம்பெனிக்கு ஒரு பங்கு, நட்சத்திர ஹோட்டலுக்கு ஒரு பங்கு, சுற்றுலா ஏற்பாடு செய்யும் நிறுவனத்துக்கு ஒரு பங்கு. அவர் சமைப்பதில்லை. பருப்பு வாங்குவதில்லை. நம் கடைத்தெரு அவருக்குப் புகைப்படம் எடுக்கும் இடம்.

வெளிநாட்டில் குடியேறிய நம்மவர் அப்படியல்ல. ஊருக்குத் திரும்பும் முதல் வாரம் உறவினர் வீட்டில் சாப்பாடு. கடைசி வாரம் நம் கடையில் கொள்முதல். சாம்பார் பொடி, அப்பளம், வடகம், ஊறுகாய், முறுக்கு என்று பெட்டியின் எடை அனுமதிக்கும் வரை வாங்குவார். ஜவுளிக்கடைக்காரரும் நகைக்கடைக்காரரும் அவரைத் தலைமேல் வைத்துக் கொண்டாடுகிறார்கள். அது நியாயம்தான்.

அண்டை நாட்டார் வேறு வகை. அவர் பஸ்ஸிலும் ரயிலிலும் வருகிறார். சிறு விடுதியில் தங்குகிறார். பலர் தாமே சமைத்துச் சாப்பிடுகிறார்கள். தலைக்குச் செலவு குறைவாகத் தெரியலாம். ஆனால் அந்தச் செலவு முழுவதும் தெருவில் நடக்கிறது. விடுதி, மெஸ், மருந்துக்கடை, மளிகைக்கடை, துணிக்கடை, ஆட்டோ என்று நம்மைப் போன்றவர்களின் கைகளில் சுற்றுகிறது. அடுத்த ஆண்டு மறுபடியும் வருகிறார். வரும்போது மைத்துனரையும் கூட்டி வருகிறார்.

இது நம் நாட்டில் மட்டும் காணும் காட்சியல்ல. மலேசியாவைப் பாருங்கள். 2019-இல் அங்கே சென்ற வெளிநாட்டார் சுமார் 2 கோடியே 61 லட்சம் பேர். அவர்களில் 1 கோடிக்கு மேற்பட்டவர்கள் சிங்கப்பூரிலிருந்து வந்தவர்கள். ஜொகூர் பாருவில் சிங்கப்பூர்க் குடும்பங்கள் வாரக் கடைசியில் வந்து அரிசியும் எண்ணெயும் சோப்பும் வண்டி நிறைய ஏற்றிச் செல்வதை அங்குள்ள நம் தமிழ் வணிகர்களைக் கேட்டால் சொல்வார்கள். மலேசியாவின் சுற்றுலா விளம்பரத்தில் கடற்கரையும் காடும் இருக்கும். அந்த ஊர் மளிகைக்காரரின் கல்லாவில் சிங்கப்பூர்க்காரர் இருக்கிறார்.

வேலூரில் நான் கண்டது

இனி என் அனுபவத்துக்கு வருகிறேன். நான் கடை வைத்திருப்பது வேலூரில். டாக்டர் ஐடா ஸ்கடர் 1900-இல் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கிய மருத்துவமனை இன்று சி.எம்.சி. என்ற பெயரில் நாடெங்கும் அறியப்பட்டிருக்கிறது. அதைச் சுற்றியுள்ள காந்தி ரோடு, பாபு ராவ் தெரு பகுதிகளில் நடந்து பாருங்கள். தமிழுக்குப் பக்கத்திலேயே வங்காள எழுத்தில் பெயர்ப்பலகைகள் தொங்கும். மேற்கு வங்காளம், அசாம், திரிபுரா, ஜார்க்கண்ட் என்று பல மாநிலங்களிலிருந்து காட்பாடியில் ரயிலிறங்கி நோயாளிகள் வருகிறார்கள். அவர்களோடு வங்கதேசத்தாரும் வருகிறார்கள்.

என் தகப்பனார் காலத்தில் நாங்கள் நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும்தான் விற்றோம். ஒருநாள் ஓர் அம்மாள் கடை வாசலில் நின்று கையைக் காட்டிக் காட்டி ஏதோ கேட்டார். புரியவில்லை. கடைசியில் கடுகு டப்பாவைச் சுட்டிக்காட்டி, பிறகு எண்ணெய் டின்னைச் சுட்டிக்காட்டினார். கடுகு எண்ணெய் வேண்டும் என்று அப்போதுதான் விளங்கியது. மகனுக்கு அறுவை சிகிச்சை முடிந்து இரண்டு வாரமாகியும் பிள்ளைக்கு வாய்க்குப் பிடித்ததைச் சமைத்துப்போட முடியவில்லை என்று பக்கத்து விடுதிக்காரர் எடுத்துச் சொன்னார். மறுநாளே அப்பா சென்னைக்கு ஆள் அனுப்பி ஒரு டின் வரவழைத்தார். அந்த ஒரு டின்தான் எங்கள் கடையின் போக்கையே மாற்றியது.

இன்று கடுகு எண்ணெய் இல்லாமல் என் கடை இல்லை. பொரியை அவர்கள் 'முடி' என்பார்கள். காலையிலும் மாலையிலும் அதுவே சிற்றுண்டி. மைசூர்ப் பருப்பு, கசகசா, கோதுமை மாவு, மணமுள்ள சிறுமணி அரிசி, சீரகம் வெந்தயம் சோம்பு கருஞ்சீரகம் கடுகு ஐந்தையும் கலந்த பொட்டலம், இவையெல்லாம் நகரும் சரக்குகள். விடுதி அறையிலேயே அடுப்பு வைத்துச் சமைப்பவர்கள் என்பதால் மூட்டைக் கணக்கில் வாங்கமாட்டார்கள். கால் கிலோ, நூறு கிராம் என்று தினமும் இருமுறை வருவார்கள். சில்லறை வியாபாரிக்கு இதைவிட நல்ல வாடிக்கை வேறு என்ன வேண்டும்?

நானும் கொஞ்சம் வங்காளம் கற்றுக்கொண்டேன். 'கொதோ?' என்றால் எவ்வளவு. தண்ணீரைப் பெரும்பாலும் 'ஜல்' என்றால் கல்கத்தா பக்கத்தார், 'பானி' என்றால் வங்கதேசத்தார். ஒரே மொழி, நடுவில் ஓர் எல்லைக்கோடு. கல்லாவில் உட்கார்ந்திருப்பவனுக்கு இருவருமே விருந்தாளிகள்தான்.

நம் நாட்டுக்கு மருத்துவம் பார்த்துக்கொள்ள வருகிற வெளிநாட்டார் 2019-இல் ஏறத்தாழ 7 லட்சம் பேர். அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் வங்கதேசத்தார். டாக்கா நகரத்துப் பள்ளி ஆசிரியரும் சில்ஹெட் பக்கத்துச் சிறு வியாபாரியும் நிலத்தை விற்றோ நகையை வைத்தோ வேலூருக்கும் சென்னைக்கும் கல்கத்தாவுக்கும் வருகிறார்கள். இவர்களைச் சுற்றுலாப் பயணி என்று அழைக்கவே நமக்கு நாக்கு வராது. ஆனால் புள்ளிவிவரப் புத்தகத்தில் இவர்களும் அந்தக் கணக்கில்தான் வருகிறார்கள்.

2024 ஆகஸ்டு: தெரு காலியானது

2024 ஆகஸ்டு 5-ஆம் தேதி வங்கதேசத்தில் ஆட்சி கவிழ்ந்தது. பிரதமர் ஷேக் ஹசீனா நாட்டை விட்டு வெளியேறி இந்தியா வந்து சேர்ந்தார். கலவரம் முற்றியதால் அதற்கு முந்தைய மாதமே கல்கத்தாவுக்கும் டாக்காவுக்கும் இடையே ஓடிய மைத்ரீ எக்ஸ்பிரஸ் நின்றுபோயிருந்தது. நம் விசா மையங்கள் அங்கே மூடப்பட்டன. பிறகு திறந்தபோதும் மருத்துவம், அவசரக் காரியம் என்று ஒரு சிலருக்கு மட்டுமே விசா கிடைத்தது.

என் கடையில் அந்த மாதம் கடுகு எண்ணெய் நாற்பது டின் இருந்தது. விலை ஏறும் என்று எண்ணிக் கூடுதலாகப் போட்ட சரக்கு. செப்டம்பர் முடிந்தும் பாதிக்கு மேல் அப்படியே கிடந்தது. அசாம், மேற்கு வங்காளத்து நோயாளிகள் வந்துகொண்டிருந்ததால் நான் தப்பித்தேன். வங்கதேசத்தாரையே நம்பி இரண்டு தளம் குத்தகைக்கு எடுத்து விடுதி நடத்திய ஒரு நண்பர் தப்பவில்லை. டிசம்பரில் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அட்வான்சில் பாதிதான் கைக்கு வந்தது.

2025 ஜனவரியில் எண்ணெய்க் கொள்முதல் சம்பந்தமாகக் கல்கத்தா பரா பஜாருக்குப் போனேன். மாலையில் நியூ மார்க்கெட் பக்கம் நடந்தேன். 1874-இல் திறந்த பழைய சந்தை அது. அதை ஒட்டிய மார்க்விஸ் தெரு, சட்டர் தெரு, மிர்சா காலிப் தெரு ஆகியவற்றை உள்ளூர்க்காரர்கள் 'குட்டி வங்கதேசம்' என்றே சொல்வார்கள். பணம் மாற்றும் கடைகளும் டாக்கா பஸ் டிக்கெட் அலுவலகங்களும் விடுதிகளும் சாப்பாட்டுக் கடைகளும் அடுத்தடுத்து இருக்கின்றன. நான் போன அன்று பல கடைகளில் பாதிக் கதவுதான் திறந்திருந்தது. ஒரு துணிக்கடைக்காரர் ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார். "பத்து வருஷமாக உள்ளூர் வாடிக்கையாளரைக் கவனிக்கவில்லை தாதா. ஈத் பண்டிகைக்கு அவர்கள் வாங்கினால் வருஷம் முழுக்கப் போதும் என்று இருந்துவிட்டேன். இப்போது உள்ளூர்க்காரர் என் கடை வாசலை மறந்துவிட்டார்" என்றார். அந்த வார்த்தை இன்னும் என் காதில் இருக்கிறது.

தேசக் கணக்கிலும் இதன் தடம் தெரிகிறது. 2024-இல் மொத்த வரவு சுமார் 99 லட்சத்து 50 ஆயிரம். முதலிடத்துக்கு அமெரிக்கா வந்தது, சுமார் 18 லட்சம். வங்கதேசம் 17 லட்சத்து 50 ஆயிரத்தோடு இரண்டாம் இடத்துக்கு இறங்கியது. மேலிருந்து பார்ப்பவருக்கு முதலிடமும் இரண்டாமிடமும் மாறிக்கொண்டதாகத்தான் தோன்றும். மார்க்விஸ் தெருவில் உட்கார்ந்திருப்பவருக்கோ அமெரிக்கர் எத்தனை பேர் கூடினாலும் ஒரு பயனும் இல்லை. அவர்கள் வந்து இறங்கும் ஊரும் தெருவும் வேறு.

ஒற்றைக்கால் பந்தல்

ஒரே நாட்டை நம்பி ஏமாந்தவர்கள் உலகில் நம்மவர் மட்டுமல்ல. தென்கொரியாவுக்கு 2016-இல் வந்த சீனர்கள் 80 லட்சத்துக்கு மேல். வந்த வெளிநாட்டாரில் கிட்டத்தட்டப் பாதி அவர்கள்தான். அமெரிக்காவின் ஏவுகணைத் தடுப்புச் சாதனத்தைக் கொரியா தன் மண்ணில் நிறுவ இடம் கொடுத்தது. சீன அரசாங்கம் சினம்கொண்டு 2017 மார்ச்சில் குழுச் சுற்றுலாவை நிறுத்தியது. அந்த ஆண்டு வந்த சீனர் சுமார் 42 லட்சம்தான். சோல் நகரத்து மியோங்டாங் கடைத்தெருவில் அழகுசாதனப் பொருள் விற்றவர்கள் சீன மொழிப் பலகைகளை மாட்டிவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏவுகணைக்கும் முகப்பூச்சுக்கும் என்ன சம்பந்தம்? வியாபாரிக்குத்தான் தெரியும்.

தாய்லாந்துக்கு 2019-இல் ஏறக்குறைய 4 கோடிப் பேர் வந்தார்கள். அதில் 1 கோடியே 10 லட்சம் பேர் சீனர்கள். கொரோனாவுக்குப் பின் சீனர் முன்போல் திரும்பவில்லை. 2024-இல் வந்தவர் சுமார் 67 லட்சம். தாய்லாந்து அரசாங்கம் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. 2023 நவம்பர் முதல் இந்தியருக்கு விசா வேண்டாம் என்று அறிவித்தது. அடுத்த மாதமே மலேசியாவும் அவ்வாறே செய்தது. 2024-இல் தாய்லாந்து போன நம்மவர் 20 லட்சத்தைத் தாண்டினார்கள். ஒரு கால் ஆடினால் இன்னொரு காலை நட வேண்டும் என்று அவர்கள் புரிந்துகொண்டார்கள்.

வாடிக்கையாளரைப் பகைக்கலாமா?

இங்கே ஒரு சங்கடமான விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். 2024 டிசம்பரில், இரு நாட்டு உறவு மிகவும் கசந்திருந்த வேளையில், திரிபுராவில் விடுதி, உணவக உரிமையாளர் சங்கத்தார் வங்கதேசத்தாருக்கு இனி இடம் தருவதில்லை என்று அறிவித்தார்கள். அவர்களுடைய கோபத்துக்குக் காரணம் இருந்தது. எல்லைக்கு அப்பால் சிறுபான்மையினர் தாக்கப்படுவதாகவும் நம் கொடி அவமதிக்கப்பட்டதாகவும் வந்த செய்திகள் அவர்களை உலுக்கிவிட்டன. தேசாபிமானத்தில் நாம் யாருக்கும் குறைந்தவர்கள் அல்ல. ஆனாலும் என் கருத்தைப் பணிவோடு சொல்கிறேன். யாரை நாட்டுக்குள் விடுவது, யாரைத் தடுப்பது என்பது அரசாங்கத்தின் வேலை. முறையான விசாவோடு நோயாளித் தாயைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தவரை வாசலில் நிறுத்தி "உன் நாடு எது?" என்று கேட்பது வணிகனின் வேலையல்ல.

இதே அனுபவம் எதிர்த்திசையிலும் உண்டு. 2023-இல் மாலத்தீவுக்குச் சென்றவர்களில் இந்தியரே முதலிடம், 2 லட்சத்து 9 ஆயிரம் பேர். 2024 ஜனவரியில் அந்நாட்டுத் துணை அமைச்சர்கள் சிலர் நம் பிரதமரை இழிவாகப் பேசினார்கள். நம்மவர் பயணத்தை ரத்து செய்தார்கள். அந்த ஆண்டு முடிவில் இந்தியா ஆறாவது இடத்துக்குப் போயிற்று. பேசியவர்கள் அமைச்சர்கள். நஷ்டப்பட்டவர்களில் படகு ஓட்டுபவரும் சிறு விடுதி வைத்திருப்பவரும் இருந்தார்கள். விருந்தாளிக்கும் ரோஷம் உண்டு. நமக்கு இருக்கிற ரோஷம் டாக்காக்காரருக்கு இருக்காதா?

நாம் செய்ய வேண்டியவை

குறைகூறிக்கொண்டே இருப்பதில் பயனில்லை. நம் கையில் இருப்பதை முதலில் பார்ப்போம்.

முதலாவது, உங்கள் தெருவுக்கு எந்த நாட்டார் வருகிறார்கள் என்று கவனியுங்கள். ஊருக்கு ஊர் இது வேறுபடும். திருச்சி விமான நிலையத்தை ஒட்டிய வியாபாரிக்குச் சிங்கப்பூர், மலேசியா, இலங்கைத் தமிழர் முக்கியம். தியாகராய நகர் ஜவுளிக்காரருக்குக் கல்யாணப் பட்டு எடுக்க வரும் கொழும்பு, யாழ்ப்பாணக் குடும்பங்கள் முக்கியம். மாமல்லபுரத்துக் கடைக்காரருக்கு ஐரோப்பியர் முக்கியம். 'முதலிடம்' என்று செய்தித்தாளில் வருகிற நாடு உங்கள் கடைக்கு முதலிடமாக இருக்கவேண்டிய கட்டாயமில்லை.

இரண்டாவது, அவர்கள் மொழியில் எண்களையாவது கற்றுக்கொள்ளுங்கள். விலைப்பட்டியலை எழுதி மாட்டுங்கள். ஊர்க்காரருக்கு ஒரு விலை, வெளிநாட்டாருக்கு ஒரு விலை என்ற பழக்கம் அறவே கூடாது. ஒரு கிலோவில் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கியவர் அன்று லாபம் பார்த்திருப்பார். ஆனால் விடுதி வராந்தாவில் இரவு அந்தப் பேச்சு பரவிவிடும். மறுநாள் இருபது பேர் அடுத்த கடைக்குப் போவார்கள். நாணயமே நம் முதல்.

மூன்றாவது, வெளிநாட்டுப் பணத்தைக் கடையில் வாங்கி மாற்றிக் கொடுக்கும் வேலையில் இறங்காதீர்கள். அது உரிமம் பெற்றவர்கள் செய்யவேண்டியது. உதவி செய்ய நினைத்தால் உரிமம் பெற்ற கடைக்கு வழிகாட்டுங்கள், போதும்.

நான்காவது, எவ்வளவு நல்ல வாடிக்கையாக இருந்தாலும் ஒரே நாட்டாரை நம்பிக் கடனுக்குச் சரக்கு போடாதீர்கள். நாற்பது டின் போட்ட என் புத்தி கெட்ட புத்தி என்று நானே ஒப்புக்கொள்கிறேன். இப்போது பத்து நாள் விற்பனைக்கு மேல் கடுகு எண்ணெய் வைப்பதில்லை. பக்கத்துத் தெருக் குடும்பங்களுக்கு மாதச் சாமான் கட்டிக்கொடுக்கும் பழக்கத்தை, நான் விட்டுவிட்டதை, மறுபடியும் தொடங்கியிருக்கிறேன். திருவிழாக் கூட்டம் வரும், போகும். தினசரி வருகிறவர் உள்ளூர்க்காரர்தான்.

அரசாங்கத்திடம் நாம் கேட்பது

அரசாங்கத்துக்கும் நம் பேரமைப்புகள் மூலம் சில கோரிக்கைகளை வைக்க வேண்டும்.

வெளிநாட்டுப் பயணி இங்கே வாங்கித் தன் நாட்டுக்கு எடுத்துச் செல்லும் பொருளுக்குச் செலுத்திய வரியைத் திருப்பித் தருவதற்கு 2017-ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த சரக்கு, சேவை வரிச் சட்டத்திலேயே 15-ஆம் பிரிவு எழுதப்பட்டது. மற்றப் பிரிவுகள் அந்த ஆண்டு ஜூலைக்குள் அமலுக்கு வந்தன. இந்தப் பிரிவு மட்டும் புத்தகத்தில் தங்கிவிட்டது. சிங்கப்பூரிலும் தாய்லாந்திலும் பயணி விமான நிலையத்தில் பில்லைக் காட்டி வரியைத் திரும்பப் பெறுகிறார். அங்கே போன நம்மவர்களே அப்படிப் பெற்றுவந்து பெருமையாகச் சொல்கிறார்கள். அந்த வசதி இங்கே வந்தால் பட்டுச்சேலைக் கடைக்காரரும் பாத்திரக்கடைக்காரரும் பயனடைவார்கள். முறையாகப் பில் போடும் பழக்கமும் பெருகும்.

2023-இல் ஜி-20 மாநாட்டுக்கு வந்த வெளிநாட்டார் நம் யு.பி.ஐ. மூலம் கடைகளில் பணம் செலுத்த ரிசர்வ் வங்கி வழிசெய்தது. மாநாட்டுப் பிரதிநிதிக்குக் கிடைத்த அந்தச் சௌகரியம் மருத்துவமனை வாசலில் நிற்கும் அண்டை நாட்டாருக்கும் எளிதாகக் கிடைக்க வேண்டும். கையில் ரொக்கக் கட்டோடு பயந்து பயந்து நடக்கும் அவருடைய பாடு பெரும் பாடு.

எல்லாவற்றுக்கும் மேலாக, நோயாளிகளின் விசாவை அரசியல் காற்றுக்கு ஏற்ப ஆடும் கொடியாக ஆக்காமல் இருந்தால் நல்லது. பாதுகாப்புக்கு வேண்டிய விசாரணையை எவ்வளவு கடுமையாக வேண்டுமானாலும் செய்யட்டும். ஆனால் மருத்துவரிடம் தேதி வாங்கியவருக்கு அந்தத் தேதிக்குள் பதில் கிடைக்க வேண்டும்.

யார் பெரியவர்?

கடைசியாக, தொடங்கிய கேள்விக்கே வருகிறேன். ஒரு நாட்டின் சுற்றுலாவுக்கு எந்த நாட்டுப் பயணி முக்கியம்? அன்னியச் செலாவணிக்கு அமெரிக்கரும் இங்கிலாந்துக்காரரும் என்று நிதி அமைச்சகம் சொல்லட்டும். அது உண்மைதான். கடைத்தெருவில் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் நம்மைக் கேட்டால், அடிக்கடி வருகிறவர், நம் சரக்கை நம்பி வாங்குகிறவர், அண்டை வீட்டுக்காரர் என்றுதான் சொல்ல வேண்டும். அவருக்காக யாரும் விளம்பரப் படம் எடுப்பதில்லை. விமான நிலையத்தில் மாலை போடுவதில்லை. அவர் வராமல் போனபோதுதான் அவருடைய அருமை நமக்குத் தெரிந்தது.

போன மாதம் டாக்கா பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் மருத்துவ விசாவில் வந்திருந்தார். முன்பு இரண்டு முறை வந்து பழகியவர். கடை வாசலில் நின்று, "தாதா, கடுகு எண்ணெய் இருக்கிறதா?" என்று தமிழில் கேட்டார். நான் அவர் மொழியில் நாலு வார்த்தை கற்றிருந்தேன். அவர் நம் மொழியில் நாலு வார்த்தை கற்றிருக்கிறார். அரை லிட்டர் அளந்து கொடுத்தேன். விலை உள்ளூர்க்காரருக்குச் சொல்கிற அதே விலைதான்.

வணிகப் பெருமக்களே, உங்கள் ஊரில், உங்கள் தெருவில் நிலவரம் எப்படி என்பதை அடுத்த கூட்டத்தில் எழுந்து சொல்லுங்கள். நம் கோரிக்கைகளை ஒன்றுசேர்ந்து எழுதுவோம். சிந்திப்போம்! செயல்படுவோம்!

(வேலூர் மளிகை வணிகர் ஒருவர்)